காதுக்குள் கத்தும் சில்வண்டு: "பழகிக்கங்க" என்று சொன்னால் போதுமா?

ராத்திரி பத்து மணிக்கு மேல் பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் சத்தம் என்று பெரிதாக எதுவும் இருக்காது. கடைசி பஸ் போயிருக்கும், டிவி அணைந்திருக்கும், எப்போதாவது ஒரு நாய் குரைக்கும். பெங்களூரில் இருந்து லீவுக்கு வருகிறவர்கள் "ஆஹா, என்ன ஒரு அமைதி!" என்பார்கள். ஆனால் அதே ஊரில் சிலருக்கு அந்த அமைதிதான் எதிரி. படுத்த உடனே காதுக்குள் "ஙொய்ய்ய்..." என்று ஆரம்பிக்கும். ஒருவருக்கு சில்வண்டு கத்துவது போல, இன்னொருவருக்கு குக்கரில் ஆவி போவது போல, வேறொருவருக்கு தூரத்தில் மோட்டார் ஓடுவது போல. "யார் வீட்டு மோட்டார் ஓடுது?" என்று கேட்டால், "ஒண்ணும் கேக்கலியே, பேசாம படுங்க" என்று வீட்டில் பதில் வரும். அன்றைக்குத்தான் அது வெளியே இருந்து வரும் சத்தம் இல்லை என்று அவருக்கே தெரியும்.

இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டின்னிடஸ். தமிழில் காதிரைச்சல். வெளியே எந்த ஒலியும் இல்லாதபோது காதிலோ தலைக்குள்ளோ ஒலி கேட்பது. புதிய நோய் எதுவும் இல்லை. சுஸ்ருத சம்ஹிதை வரிசைப்படுத்தும் 28 காது நோய்களில் கர்ணநாதம் என்று இது இருக்கிறது. இசைமேதை பீத்தோவன் 1801-ல் தன் டாக்டர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காதுக்குள் இரவும் பகலும் இரைகிறது என்று புலம்பியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். செல்போனும் ஹெட்போனும் வந்ததால் வந்த வியாதி என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம் (ஹெட்போனுக்கும் இதில் பங்கு உண்டு, அது பிறகு).

எத்தனை பேருக்கு இருக்கிறது? 2022-ல் ஜாமா நியூராலஜி என்ற மருத்துவ இதழில் உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கணக்கு போட்டார்கள். வயது வந்தோரில் சுமார் 14 சதவீதம், அதாவது 74 கோடிக்கும் மேல். அவர்களில் சுமார் 12 கோடி பேருக்கு அது வாழ்க்கையையே கெடுக்கும் அளவுக்குக் கடுமையானது. ஒரு வகுப்பில் ஐம்பது பேர் பெற்றோர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டால், அதில் நாலைந்து பேர் இந்தச் சத்தத்தோடு உட்கார்ந்திருப்பார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம். ஆனால் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் "மண்டையில ஏதோ கோளாறு" என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம்.

சரி, சொல்ல வந்த விஷயம் இதுதான். தைரியமாக டாக்டரிடம் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரே ஒரு வார்த்தை: "இதுக்கு மருந்து இல்லீங்க, பழகிக்கங்க." இந்த வார்த்தை பொய் இல்லை. மருத்துவ ரீதியாக முக்கால்வாசி சரி. ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லாமல் பழகச் சொல்வது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளிவிட்டு "நீந்திக்கோ" என்று சொல்வது மாதிரி. பழகுவதற்கு வழிமுறை இருக்கிறது. அது சொல்லித்தரக் கூடிய ஒன்று. அதைச் சொல்லித்தருவதுதான் இந்த நோய்க்கு வைத்தியம். அந்தப் பகுதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் சொல்லி அனுப்புவதுதான் பிரச்சினை.

முதலில் காதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். உள்காதில் நத்தைக் கூடு மாதிரி சுருண்ட ஒரு உறுப்பு, காக்ளியா. அதற்குள் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். வெளியே இருந்து வரும் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவற்றின் வேலை. பெரிய சத்தம், வயசு, சில மருந்துகள்.. இவற்றால் இந்தச் செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. (கோழிக்கு முளைக்கும்! 1980-களில் கண்டுபிடித்தார்கள். கோழிக்குக் கிடைத்த வரம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.) செல்கள் செத்த இடத்தில் இருந்து மூளைக்குச் செய்தி வருவது குறையும். மூளை சும்மா இருக்குமா? ரேடியோவில் ஸ்டேஷன் சரியாக எடுக்காதபோது வால்யூமை முழுசாகத் திருப்பினால் "கொர்ர்ர்" என்று இரையுமே, கிட்டத்தட்ட அதையே மூளை செய்கிறது. வராத செய்திக்காக வால்யூமைக் கூட்டுகிறது. அந்த இரைச்சல்தான் காதில் கேட்பதாகத் தோன்றுகிறது. பழைய காலத்தில் சிலருக்கு காது நரம்பையே அறுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகும் பலருக்குச் சத்தம் நிற்கவில்லை. சத்தம் ஆரம்பிக்கும் இடம் காது, நிலைத்து நிற்கும் இடம் மூளை என்பது அதிலிருந்து தெரிந்தது.

இன்னொரு பழைய பரிசோதனை இதைவிட சுவாரசியம். 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கிற 80 பேரை ஒவ்வொருவராக ஒலி புகாத அறையில் உட்கார வைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாக எழுதினார்கள்! ரீங்காரம், இரைச்சல், சீட்டி அடிப்பது போல.. இப்படி. யாருக்கும் நோய் இல்லை. அமைதி அதிகமானால் எவர் காதும் தானாகவே பேச ஆரம்பிக்கும். இந்த ஒரு தகவலைச் சொன்னாலே பாதிப் பேருக்கு பயம் போய்விடும். கன்சல்டிங் ரூமில் இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் கூட ஆகாது.

பயம் போவது ஏன் முக்கியம்? இரைச்சல் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று கருவி வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு அது அவர்களால் கேட்க முடிந்த மிகச் சின்ன ஒலியை விட ஒரு சில டெசிபல்தான் அதிகம். கிசுகிசுப்பு அளவு கூட வராது. ஆனாலும் ஒருவர் அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக விவசாயம் பார்க்கிறார், அதே அளவு இரைச்சல் உள்ள இன்னொருவர் தூக்கம் போய், வேலை போய், வாழ்க்கையே வெறுத்து உட்கார்ந்திருக்கிறார். வித்தியாசம் சத்தத்தில் இல்லை. மூளை அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. "இது ஆபத்து" என்று மூளை முடிவு கட்டிவிட்டால் அதை விடாமல் கவனிக்கும். கவனிக்கக் கவனிக்கப் பெரிதாகும். பெரிதாக பெரிதாக பயம் கூடும். 1990-ல் ஜாஸ்ட்ரெபாஃப் என்பவர் இதை ஒரு கொள்கையாகவே எழுதினார். இன்று உலகத்தில் நடக்கும் டின்னிடஸ் பயிற்சிகளில் பல அதிலிருந்து கிளைத்தவைதான்.

சுவர் கடிகாரம் "டிக் டிக்" என்று நாள் முழுக்க அடிக்கிறது. யாருக்கும் கேட்பதில்லை. பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மட்டும் கேட்கும். அவ்வளவுதான் விஷயம்.

இனி தருமபுரிக்கு வரலாம். இந்த மாவட்டத்துக்காரர்களின் பிழைப்பைக் கொஞ்சம் யோசித்தால் காதிரைச்சல் ஏன் இங்கே பேசப்பட வேண்டிய விஷயம் என்று புரியும். பெரிய தொழிற்சாலைகள் குறைவு, மழையும் குறைவு. அதனால் ஒரு பக்கம் கல் குவாரி, கிரானைட், ஜல்லி கிரஷர். இன்னொரு பக்கம் பெங்களூருக்கு கட்டட வேலை, ஓசூருக்கு கம்பெனி வேலை, திருப்பூர், கோவைக்கு மில் வேலை என்று கிளம்பிப் போகிறவர்கள். லாரி ஓட்டுகிறவர்களும் நிறைய. தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரிகளின் ஏர் ஹாரனைக் கேட்டவர்களுக்குத் தெரியும் அது எப்படி நெஞ்சில் இடிக்கும் என்று. எல்லாமே காதைத் தின்கிற வேலைகள். பாறையில் துளை போடும் ஜாக் ஹாமர் சர்வ சாதாரணமாக 100 டெசிபலைத் தாண்டும். பக்கத்தில் நிற்பவரிடம் கத்திப் பேசினால்தான் கேட்கிறது என்றால் அந்த இடத்தில் சத்தம் 85 டெசிபலுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். மீட்டர் தேவையில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் எல்லை. சுரங்கங்களுக்கும் குவாரிகளுக்கும் சுரங்கப் பாதுகாப்பு தலைமை இயக்ககம் 1975-லேயே சுற்றறிக்கை விட்டு, 85-ஐ எச்சரிக்கை அளவு, 90-ஐ அபாய அளவு என்று சொல்லிவிட்டது. அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் எட்டு மணி நேரத்துக்கு 85-க்கு மேல் கூடாது என்கிறது, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி 100 டெசிபலில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்தான்! இந்திய விதியில் அதே 100-க்கு இரண்டு மணி நேரம். இந்தியத் தொழிலாளியின் காது என்ன இரும்பிலா செய்திருக்கிறது?

சத்தத்தால் வரும் காது கேளாமை, தொழிலாளர் சட்டத்தில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களில் ஒன்று. இழப்பீட்டுக்கான நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் இரைச்சல்? 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் இருக்கின்றன, இது அதில் இல்லை. காது கேளாமைக்குக்கூட இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைந்தால்தான் கணக்கில் வரும். காது ஓரளவு கேட்கும், ஆனால் இருபத்து நாலு மணி நேரமும் இரையும் என்றால் அரசாங்கத்தின் பார்வையில் அவருக்கு எந்தக் குறையும் இல்லை.

தருமபுரிக்காரர்களுக்கு இந்த இடத்தில் வேறொன்று ஞாபகம் வரலாம். தண்ணீரில் ஃபுளோரைடு. தலைமுறை தலைமுறையாகப் பழுப்பேறிய பற்கள், வளைந்த கால்கள். அந்தப் பாதிப்பைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைச் சிரிக்கச் சொன்னாலே தெரிந்தது. கடைசியில் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தது. எவ்வளவோ தாமதம்தான், ஆனாலும் வந்தது. காதிரைச்சலைப் படம் எடுக்க முடியாது. எக்ஸ்ரேயில் விழாது. சிரித்தால் தெரியாது. பாதிக்கப்பட்டவரின் வாய் ஒன்றுதான் சாட்சி. அந்த வாயும் "பழகிக்கங்க" என்ற ஒரு வார்த்தையில் மூடிவிடுகிறது.

திருவிழா விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்குகிறார்கள். அதன் முன்னால் சின்னப் பையன்கள் மணிக்கணக்கில் ஆடுகிறார்கள். மறுநாள் காலை "காது ஙொய்ங்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். அதனால் யாரும் கவலைப்படுவதில்லை. அந்த "ஙொய்" என்பதே உள்ளே அடிபட்டதற்கான எச்சரிக்கை மணி. சில தடவை அடித்துவிட்டு நின்றுவிடும், ஏதோ ஒரு தடவை நிற்காது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்றும், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும் இருக்கிறது. பண்டிகைக்காக வருஷத்தில் 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை அரசு அனுமதி கொடுக்கலாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஹாஸ்டலில் ஹெட்போனோடு தூங்குகிறவர்களுக்கும் ஒரு வரி. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் கூடக் கூட இந்த நேரம் மளமளவென்று குறையும். பஸ்ஸில் போகும்போது இஞ்சின் சத்தத்தை ஜெயிக்க வால்யூமை ஏற்றுவதுதான் பெரும்பாலும் ஆபத்து.

சத்தம் மட்டுமே காரணம் என்று நினைத்துவிடவும் கூடாது. காதில் குரும்பி அடைத்தாலே இரையலாம். எடுத்துவிட்டால் போயே போச்சு. காச நோய்க்குப் போடும் ஸ்ட்ரெப்டோமைசின், அமிகாசின் ஊசி, ஜெண்டாமைசின், சில புற்றுநோய் மருந்துகள், அதிக அளவு ஆஸ்பிரின் எல்லாம் காதைப் பாதிக்கக் கூடியவை. (அதற்காக யாரும் தானாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.) ரத்தசோகை, ரத்த அழுத்தம், தாடை மூட்டுக் கோளாறு என்று பட்டியல் நீளும். அதனால் முதல் தடவை ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பதும், கேட்கும் திறன் பரிசோதனை செய்துகொள்வதும் கட்டாயம். தருமபுரியில் 2008-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சேலம் வரை ஓட வேண்டியதில்லை.

சில நேரங்களில் ஓடியே ஆக வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்காமல் போய் இரைச்சலும் வந்தால் அது அவசரம். நாட்கணக்கில் தள்ளிப் போடாமல் மருந்து ஆரம்பித்தால்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு. இதயத் துடிப்போடு சேர்ந்து "தம் தம்" என்று கேட்டால், ஒரே காதில் மட்டும் விடாமல் இரைந்தால், கூடவே தலை சுற்றினால், முகம் ஒரு பக்கம் இழுத்தால், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது.

வீட்டு வைத்தியம் என்றதும் எண்ணெய் ஞாபகம் வருகிறது. காதில் எது வந்தாலும் நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றுவது பாட்டி காலத்துப் பழக்கம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது நேராக நடுக்காதுக்குள் போகும், சீழ் பிடிக்கும். செத்துப்போன மயிரிழைச் செல்லுக்கும் காதில் ஊற்றும் எண்ணெய்க்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, நடுவில் ஒரு சுவரும் ஒரு அறையும் இருக்கிறது. இதைப் பாட்டியிடம் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம்தான்.

பாட்டியாவது அன்பில் செய்கிறாள். "காதிரைச்சல் 100% குணம்" என்று விளம்பரம் செய்பவர்களை என்ன சொல்வது? ஜின்கோ மாத்திரை உலகம் பூராவும் இதற்காக விற்கிறது. பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கொக்ரேன் குழு, அதனால் பலன் உண்டு என்று சொல்ல ஆதாரம் இல்லை என்கிறது. அமெரிக்க காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் சங்கம் 2014-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஜின்கோ, துத்தநாகம், இதர சத்து மாத்திரைகள் எதையும் இதற்காகப் பரிந்துரைக்காதீர்கள் என்று டாக்டர்களுக்கே சொல்லியிருக்கிறது. கிரஷரில் நாள் கூலி வாங்குகிறவர் மாசா மாசம் ஆயிரக்கணக்கில் இதற்குச் செலவு செய்வதைப் பார்த்தால் வயிறு எரியும்.

அப்படியானால் எதுதான் உதவும்? அதே 2014 வழிகாட்டி, நீண்ட நாளாகத் தொந்தரவு செய்யும் இரைச்சலுக்கு மூன்றைச் சொல்கிறது. காது மந்தமும் சேர்ந்து இருந்தால் காது கேட்கும் கருவி, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற பேச்சுப் பயிற்சி, பிறகு வேண்டுமானால் ஒலிச் சிகிச்சை.

காது கேட்கும் கருவி என்றால் "நான் என்ன செவிடா?" என்று கோபப்படுவார்கள். ஆனால் விஷயம் சுலபம். மூளை வால்யூமைக் கூட்டுவதே செய்தி வராததால்தானே? கருவி செய்தியைக் கொண்டு வந்து கொடுத்தால், வெளியுலக ஒலி நிறைய உள்ளே வந்தால், இரைச்சல் பலருக்குப் பின்னால் போய்விடுகிறது.

ஒலிச் சிகிச்சை என்பது பெரிய பெயர். நடைமுறையில் அது ராத்திரி ஃபேன் போட்டுக்கொண்டு தூங்குவதுதான்! குளிர்காலத்திலும் ஃபேன் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது என்று சொல்கிறவர்கள், தெரியாமலே இந்த வைத்தியத்தைச் செய்துகொண்டிருக்கலாம். முழு அமைதியில் சில்வண்டு ராஜா. பின்னணியில் மெல்லிய ஒரு ஒலி இருந்தால் அது கூட்டத்தில் ஒருவன். ரேடியோவை அலைவரிசை இல்லாத இடத்தில் மெதுவாக வைப்பது, மழைச் சத்தத்தை செல்போனில் ஓட விடுவது எல்லாம் ஒன்றுதான். இந்த வகையில் ஒகேனக்கல்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். காவிரி விழுகிற சத்தத்தில் தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எல்லா அலைவரிசையும் கலந்திருக்கும். அருவிக்குப் பக்கத்தில் நிற்கும்போது அநேகமாக எந்தக் காதிரைச்சலும் காணாமல் போகும். ஆனால் ஒன்று, வீட்டில் வைக்கும் ஒலி இரைச்சலை அடியோடு மூழ்கடிக்கக் கூடாது, அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே இருக்க வேண்டும் என்கிறார்கள் ஜாஸ்ட்ரெபாஃப் வழி வந்தவர்கள். கேட்டால்தானே பழகும்? எதிரியைப் பார்க்காமலே சமாதானம் ஆக முடியாது.

பயந்துபோய் நாள் முழுக்கப் பஞ்சு வைத்துக்கொண்டு திரிகிறவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். குவாரியில், மில்லில், வெடி வைக்கும் இடத்தில் காதடைப்பான் கட்டாயம் வேண்டும். வீட்டிலும் கடைத்தெருவிலும் அது வேண்டாம். வெளி ஒலி குறையக் குறைய மூளை உள்ளே தேட ஆரம்பிக்கும்.

டீ விஷயமும் அப்படித்தான். "டீ, காபியை நிறுத்துங்க" என்று பல பேர் அறிவுரை சொல்வார்கள். 2010-ல் பிரிட்டனில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். நிறுத்தியதால் இரைச்சல் குறையவில்லை. திடீரென்று நிறுத்தியதால் வரும் தலைவலியும் எரிச்சலும்தான் மிச்சம். ஏற்கெனவே நொந்து போயிருக்கும் மனிதனிடம் இருந்து டீயையும் பிடுங்குவது என்ன நியாயம்? சாயங்காலத்துக்கு மேல் குடித்துத் தூக்கம் கெட்டால் அது வேறு கதை.

மூன்றாவதான பேச்சுப் பயிற்சிக்குத்தான் ஆதாரம் அதிகம். 2020-ல் கொக்ரேன் குழு 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. இந்தப் பயிற்சி இரைச்சலின் அளவைக் குறைக்காது, ஆனால் அது வாழ்க்கையில் செய்யும் அழிச்சாட்டியத்தைக் குறைக்கும் என்பது முடிவு. "இது என் மூளையில் கட்டி", "நாளைக்கு முழுச் செவிடாகப் போகிறேன்", "இனி ஒரு நாளும் தூங்க மாட்டேன்" என்று மனசு போடும் கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்க்கப் பழக்குவார்கள். காலையில் எழுந்ததும் "இன்னும் இரையுதா?" என்று சோதிக்கும் பழக்கத்தை விட வைப்பார்கள். (இது ஆறாத புண்ணை அடிக்கடி கிள்ளிப் பார்ப்பது போல. பாதிக்கப்பட்ட எல்லோரும் செய்வார்கள்.) இரைச்சலுக்குப் பயந்து நிறுத்திய கல்யாண வீடு, கோயில், சீட்டுக் கச்சேரி எல்லாவற்றுக்கும் திரும்பப் போக வைப்பார்கள். வாரங்கள், மாதங்கள் ஆகும். ஆனால் நடக்கும்.

பிரச்சினை என்னவென்றால் இதைத் தமிழில், ஒரு குவாரித் தொழிலாளிக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தர ஆள் இல்லை. இருக்கிற மனநல நிபுணர்கள் பெரும்பாலும் பெரிய நகரங்களில். இரைச்சலுக்காக மனநல டாக்டரிடம் அனுப்பினால் "எனக்கு என்ன பைத்தியமா?" என்று அந்த மனிதர் திரும்பி வரவே மாட்டார். அதனால் காதைப் பரிசோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டுக்கே இந்தப் பயிற்சியின் அடிப்படையைக் கற்றுக்கொடுத்து, பரிசோதனை முடிந்த கையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வைப்பது ஒன்றுதான் நடக்கக் கூடிய வழி. புது மெஷின் வேண்டாம், புது மருந்து வேண்டாம். அரை மணி நேரமும், மடித்து சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் ஒரு தமிழ்த் தாளும் போதும். ஒரு புறநோயாளி வரிசையில் நூறு பேர் நிற்கும்போது அரை மணி நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். தனியாக வாரத்துக்கு ஒரு மத்தியானம் ஒதுக்கி, பத்து பேரை ஒன்றாக உட்கார வைத்துப் பேசலாம். "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற நினைப்பு அந்த அறைக்குள் நுழைந்ததுமே போய்விடும், மீதியைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம்.

அதுவரை தூக்கமே இல்லாமல், உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருகிறவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலும் பேசலாம், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். இரைச்சல் அதிகமாகத் தெரிவதும் அந்த நேரத்தில்தானே.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கேட்காத சத்தத்தை நம்புவது கஷ்டம்தான். "உங்களுக்கு வேற வேலை இல்ல" என்பதற்குப் பதில் "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்றும் கேட்க வேண்டாம், அதுவும் கவனத்தை அங்கேயே இழுக்கும். ஃபேனைப் போட்டுவிட்டு, நாளைக்கு யார் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்று வேறு ஏதாவது பேசிக்கொண்டு படுத்தால் போதும்.

குவாரி, கிரஷர் முதலாளிகள் விஷயத்தில் இவ்வளவு மென்மையாகப் பேசத் தேவையில்லை. ஹெல்மெட் கொடுக்கிறார்கள், இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் மாஸ்க்கும் கொடுப்பார்கள். ஒரு ஜோடி ஸ்பாஞ்ச் காதடைப்பானின் விலை ஒரு டீயும் ஒரு வடையும் சாப்பிடுகிற காசுக்குள் அடங்கும். அதைச் சரியாக உருட்டி உள்ளே வைத்தால் 15, 20 டெசிபல் குறையும். வேலைக்குச் சேரும் அன்றைக்கு ஒரு காது பரிசோதனை, வருஷத்துக்கு ஒன்று. 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு கீழே இறங்க ஆரம்பித்தால் அந்த ஆளை சத்தம் குறைந்த வேலைக்கு மாற்றலாம். இரைச்சல் நிரந்தரமாவதற்குப் பல வருஷம் முன்னாலேயே அந்தக் கோடு இறங்கத் தொடங்கிவிடுவது உண்டு.